சுவரில் ஒட்ட ஒரு படம்

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

எங்கள் வயசுக்காரர்களுக்குக் கம்பெனிமேல் பற்றே இல்லையாம். அதை வரவழைக்க நேற்று மேனேஜர் கேக் வெட்டி, "நாம எல்லாம் ஒரே குடும்பம். எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க" என்றார். நானும் நம்பி, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டுத் தொலைத்தேன்.

"நீ போயிட்டா இந்தக் குடும்பத்தை யாருப்பா பாத்துக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் வர முடியாது என்று தங்கச்சியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. கல்யாணம் முடிந்ததும் குடும்பப் படம் ஒன்று அனுப்பு. ஆபீஸ் சுவரில் ஒட்ட ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டுமாம். "படத்தில் நீ எங்கே?" என்று யாராவது என்னைக் கேட்டால், "இங்கே உங்களோடுதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்கிறேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்