மெத்தை மேல் செருப்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. நம் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், முகப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘தொடர்பு கொள்ள’ என்ற பொத்தானின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றுவது என்று, புதன்கிழமை காலை முன்னறையில் கூடிய கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நான் தலைமை வகித்தேன். மாப்பிள்ளை தொழில்நுட்பத் துறையின் சார்பில் கலந்துகொண்டு, பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்பதைத் திரையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். உன் அம்மா பார்வையாளராக வந்து, ஒரு பொத்தானுக்கு வர்ணம் அடிக்க ரெண்டு ஆம்பளைங்க காலைலேர்ந்து உக்காந்திருக்கீங்க, சமையலறைக் குழாய் மாசக்கணக்கா ஒழுகுது, அதுக்கு ஒரு கூட்டம் போடக் காணோம் என்று கண்டனம் தெரிவித்து வெளிநடப்புச் செய்தாள். ஊருக்கெல்லாம் தளம் செய்து கொடுக்கும் நமக்கு நம்முடைய தளத்தைத் தொட நேரம் இருந்ததே இல்லை, நீ அங்கே வேலைக்குப் போன பிறகு அதில் நடந்த முதல் மாற்றம் இது, ஆகவே வரலாற்றில் இடம்பெறும்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அன்று காலை நான் அந்த அறைக்குப் போனது பொத்தானுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவது என்று முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனேன். நான் திரும்பி வர்றதா இல்லப்பா, அந்த வீட்டுக்கும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல, நீங்களே பதமா சொல்லிடுங்க, கிளையண்ட்கிட்ட கெட்ட செய்தி சொல்றது எப்பவுமே உங்க டிபார்ட்மென்ட்தானே என்றாய். வாஸ்தவம்தான். நீ வரைவாய், மாப்பிள்ளை அதைத் தளமாகக் கட்டுவார், தாமதமானாலும் தவறினாலும் போனை எடுத்துப் பேசுவது நான். முதலில் நல்லதாக ஒரு வார்த்தை, நடுவில் கெட்டது, கடைசியில் ஒரு தேதி, இதுதான் என் சூத்திரம். இதை வைத்துக்கொண்டு பல் டாக்டரையே சமாளித்திருக்கிறேன், அவர் ‘நவீனமா இருக்கணும், ஆனா எதையும் மாத்தக் கூடாது’ என்று கேட்ட மனிதர். மாப்பிள்ளை முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன மாமா என்றார். வாயைத் திறந்தேன், பொத்தான் வந்தது. அவர் நான் கேட்டேன் என்பதற்காகப் பகல் வரை பச்சை தேடினார். உன் அம்மா அவரை வாயில்லாப் பூச்சி என்பாள், புகழ்ச்சியாகத்தான்.

கூட்டம் கலைந்ததும், முதலில் வேறு ஒருவரிடம் பேசி வாய் பழகட்டும் என்று, அல்லது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று, பதில் சொல்லாமலே இருந்த மெத்தைக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கதை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். பெரிய கடை, அண்ணனும் தம்பியுமாக நடத்துகிறார்கள், தளம் செய்து தரக் கேட்டவர் அண்ணன். மாதிரித் தளத்தை மாப்பிள்ளை நன்றாகவே செய்திருந்தார். நீ ஏற்படுத்திய வழக்கப்படி அதில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தோம். வேண்டுமென்றே கண்ணில் படுகிற ஒரு குறையை நாமே வைத்துவிட்டால், வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி, தானும் தளத்தில் கை வைத்த திருப்தியோடு மீதியை அப்படியே ஏற்றுக்கொள்வார் என்பது உன் கண்டுபிடிப்பு. அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை பொறுக்கியவனை, ஓய்வு பெற்ற பிறகு பிழை வைக்கும் உத்தியோகத்தில் அமர்த்தியவள் நீதான், அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. நீச்சல் பள்ளிக்காரரின் தளத்தில் இருந்த குளப் படத்தில் நீ வாத்து விட்டாய், அவர் துள்ளிக் குதித்து வாத்தைப் பிடித்தார், மறுநாளே வேலை முடிந்தது. மெத்தைக் கடைக்கு நான் யோசித்துச் சொன்னது, படத்தில் மெத்தை மேல் தூங்குகிற ஆள் காலில் செருப்போடு படுத்திருப்பது. என் யோசனையில் இதுவே ஆகச் சிறந்தது என்று நினைத்திருந்தேன். கடைக்காரர் வந்தார், முன்னறையில் உட்கார்ந்தார், பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். என்னய்யா மெத்தை மேல செருப்போட படுத்திருக்கான் என்று அவர் கத்துவதற்காக நான் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். நல்லா இருக்கு சார், பார்க்கலாம் என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். குறையே சொல்லவில்லையே, மனிதர் மயங்கிவிட்டார் என்று நான் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தேன்.

போனில் கேட்டால், தம்பியோடு படித்த ஒருவரிடம் தளத்து வேலையைக் கொடுத்தாகிவிட்டதாம். நான் விடவில்லை. செருப்பைக்கூட நீங்க கவனிக்கலையே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பார்த்தேன் சார், கண்ணுல அடிக்கிற மாதிரி இருக்கே, யாருக்குத்தான் தெரியாது, ஆனா உங்ககிட்ட வேலைய கொடுக்கறதில்லன்னு வாசல்ல செருப்பக் கழட்டும்போதே முடிவு பண்ணிட்டேன், அப்புறம் எதுக்கு உங்களுக்கும் சிரமம், எனக்கும் சிரமம், வேணும்னு நினைக்கிறவன்தான் சார் குறை சொல்வான் என்றார். கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கு மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து, என்ன பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க, யாரு போன்ல என்றாள். மெத்தைக் கடைக்காரர் என்றேன்.

நீ போன புதிதில் கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு புகார் வைத்திருப்பாய். அவர் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பாய், எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் என்கிறார் என்பாய். எல்லாவற்றிலும் பெரிதாக, சாப்பிடுகிற மேசைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்து ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் வேலை செய்கிறார் என்பாய். நான் அதை வாடிக்கையாளர் சொன்ன திருத்தமாக எடுத்துக்கொண்டேன். ஒன்றைச் சரிசெய்துவிட்டால் மீதியை ஏற்றுக்கொண்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன், அன்றிலிருந்து லேப்டாப் மேசைக்கு வந்ததில்லை. உன் நாற்காலியைப் பார்த்தபடி மற்றக் கை சும்மா இருக்க, எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். உனக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். சரிப்பா, நல்லது என்றாய். பிறகு நீ அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நல்லா இருக்காரா, நல்லா இருக்கட்டும், சரிப்பா, அவ்வளவுதான் சொல்வாய். உன் அம்மா என்னிடம், பாத்தீங்களா, இப்பல்லாம் ஒரு குறையும் சொல்றதில்ல, தூரம் போனாத்தான் அருமை தெரியும், வந்துருவா பாருங்க என்றாள். நானும் ஆமாம் என்றேன். புதன்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்குத்தான் செய்தி, உனக்குப் பழைய முடிவு. உன் மனசில் முடிந்துபோன பிறகுதான் நாங்கள் இங்கே லேப்டாப்பை மேசையிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலை மாப்பிள்ளையிடம் சொன்னேன். போனபோது அவர் அந்த மெத்தைப் படத்தைத் திறந்துவைத்து, தூங்குகிறவன் காலிலிருந்து செருப்பை அழித்துக்கொண்டிருந்தார். செருப்பை எடுத்தால் உள்ளே பாதம் இல்லை, புதிதாகச் செய்துதான் வைக்க வேண்டும். ஒரு காலுக்கு விரல்கள் வந்திருந்தன, மற்றதில் செருப்பு. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே மாப்பிள்ளை என்றேன். பாதில விட்டா அவனுக்குத் தூக்கம் வராது மாமா என்றார். அவர் தமாஷ் பேசி நீ கேட்டிருக்கமாட்டாய், நானும் அன்றுதான் கேட்டேன். நான் சூத்திரப்படி ஆரம்பித்தேன், பல் டாக்டர் உங்க வேலைய ரொம்பப் பாராட்டினார் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மாமா, நடுவுல வர்றத மட்டும் சொல்லுங்க என்றார்.

சொன்னேன். தெரியும் மாமா என்றார். லேப்டாப்புக்காக அவ கடைசியா என்னோட சண்டை போட்டா பாருங்க, அன்னிக்கு நல்லாத் திட்டினா, அதுக்கப்புறம் திட்டவே இல்ல, அப்பவே தெரியும் என்றார். பிறகு எதற்கு இத்தனை நாள் லேப்டாப்பை மேசைக்குக் கொண்டுவராமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். நீங்க ஆசைப்பட்டீங்க மாமா என்றார். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு தேதி சொல்வேன், இந்தத் தேதிக்குள் சரியாகிவிடும் என்பேன். சொல்ல என்னிடம் தேதி இல்லை. அவர்தான், அவ நல்லா இருக்காளா, வேலை பிடிச்சிருக்காமா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். சரி என்று திரும்பி உட்கார்ந்து இன்னொரு செருப்பை அழிக்கத் தொடங்கினார். நான் சிறிது நேரம் நின்று பார்த்தேன். விரல்களை நன்றாகச் செய்கிறார்.

உன் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. அழவில்லை. மாப்பிள்ளை கருவிகளை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாசம் தொண்டை கிழியச் சொன்னேன், அப்பல்லாம் விட்டுட்டு இப்ப எதுக்குச் சரி பண்றீங்க என்று அவரிடம் சத்தம் போட்டாள். அவர் ஸ்பேனரைத் துடைத்தபடி நின்றார். வேறு கம்பெனி ஒன்றில் அவரை முன்பே கூப்பிட்டிருக்கிறார்கள், இத்தனை நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவந்தாராம், இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார். கையில் இருக்கும் வேலைகளை முடித்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருந்த மாடியைக் காலி செய்கிறார். உன் பொருள்களை அலமாரியிலேயே அடுக்கி வைத்திருக்கிறார், ஒன்றையும் எடுக்கவில்லை.

நீ செய்தது சரியா தவறா என்று நான் எழுதப்போவதில்லை. உன் மனசு உனக்குத்தான் தெரியும், அதைப் பிழை திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. என் பெண்ணை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, இருதலைக்கொள்ளி எறும்பாக மாடிப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடும்போது எங்களைக் குறை சொல்வதை நிறுத்திவிடாதே. அப்பா சத்தமாகப் பேசுகிறார், அம்மா ஒன்றையே பத்துத் தடவை கேட்கிறாள், வாரம் முழுக்கப் போனே செய்வதில்லை, என்ன வேண்டுமானாலும் சொல். நல்லா இருக்குப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னால் இனிமேல் எனக்கு மெத்தைக் கடைக்காரர்தான் நினைவுக்கு வருவார்.

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. முதுகு வலி என்றாயே, நாற்காலியை மாற்றிப் பார். மாப்பிள்ளைக்கு நீயே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு, சூத்திரம் எதுவும் வேண்டாம், அவருக்குப் பிடிப்பதில்லை. அம்மா உன் போனுக்காகக் காத்திருக்கிறாள், கோபமாக இருப்பதுபோல் பேசுவாள், வைத்துவிடாதே. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீ வாழ வேண்டும், அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அதுதான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. மாப்பிள்ளை போகும்முன் நம் தளத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார். பச்சைப் பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. முன்பு அதை அழுத்தினால் உன் எண், அவர் எண், என் எண் என்று மூன்று வரும். இப்போது என் எண் வருகிறது.