பாபு திரும்பவில்லை

ஜூலை 4, திங்கள்

மேகம் மட்டும். மழை இல்லை.

பால்வாடியில் சோற்று அண்டாவின் மூடி என் கை தவறி விழுந்தது. சிமெண்டுத் தரை, பெரிய சத்தம். பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். பாபு திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த ஜெயந்தி திரும்பியதைப் பார்த்துத்தான் அவனும் திரும்பினான். அதற்குள் மூடி உருண்டு நின்றுவிட்டது.

ஒன்றுமில்லை. விளையாட்டு மும்முரம்.

டீச்சர் காஞ்சிபுரத்தில் பயிற்சி முடித்து வந்துவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே விஞ்ஞானம் சொல்லித்தர வேண்டுமாம். மூன்று வயசுக்கு என்ன விஞ்ஞானம்? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் என்னைப் பார்ப்பார்.

முதல் விளையாட்டு: எது மிதக்கும், எது மூழ்கும். குண்டானில் தண்ணீர். போட்டவை - கூழாங்கல், வேப்பங்குச்சி, புளியங்கொட்டை, சோப்பு டப்பா, கத்திரிக்காய், என் கொண்டை ஊசி.

வேலு கல்லைப் போட்டான். மூழ்கியது.

"ஏன் மூழ்குச்சு?" என்றார் டீச்சர்.

"அதுக்கு நீச்ச தெரியாது டீச்சர்."

"கத்திரிக்காய்க்கு மட்டும் தெரியுமா?"

"அது ஏரிக்கரைல காச்சது. தெரியும்."

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்.

பாபு கத்திரிக்காயைத் தண்ணீருக்குள் அழுத்தி அழுத்தி விட்டான். அது எழும்பி வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தான். வேறு எந்தப் பிள்ளைக்கும் அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் அக்காவிடம் அதைச் சொன்னேன். "எம்புள்ளைக்கு மூளை கீதுடி" என்று அவனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். மூடி விழுந்ததைச் சொல்லவில்லை.

ஜூலை 5, செவ்வாய்

வெயில். கைக்குட்டை துவைக்க வேண்டும்.

சத்த விளையாட்டு. நாலு தகர டப்பா. ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் மணல், ஒன்றில் ஆணி, ஒன்று காலி. கண்ணைத் துண்டால் கட்டி, காதுக்குப் பக்கத்தில் ஆட்டி, உள்ளே என்ன என்று கேட்க வேண்டும். காலி டப்பாவை ஆட்டியபோது ஜெயந்தி சொன்னாள், "உள்ள காத்து கீது." டீச்சர் கை தட்டினார்.

பாபு முறை. கண்ணைக் கட்டினேன். ஆணி டப்பாவை இந்தக் காதில் ஆட்டினேன், அந்தக் காதில் ஆட்டினேன். துண்டுக்குள் முகம் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தான். கட்டை அவிழ்த்ததும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கூச்சம். உன்ன மாதிரிதான்" என்றார் டீச்சர்.

கூச்சமாகவே இருக்கட்டும்.

அக்கா பொங்கலுக்கு வந்தவள், இன்னும் ராஜகுளம் திரும்பவில்லை. அவள் மாமியார் சொல்லி அனுப்பியது அப்படி. "கொயந்த வாய தெறந்து அம்மான்னு சொல்லட்டும். அப்புறம் இட்டுக்கினு வரச் சொல்லு." பாபுவுக்கு வருகிற தையில் நாலு முடிகிறது. எங்கள் அம்மா தினமும் வசம்பு உரைத்து அவன் நாக்கில் தடவுகிறாள். துப்புகிறான். மறுபடி தடவுகிறாள்.

ஜூலை 7, வியாழன்

பால் பவுடர் டின். வாயில் சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டினோம், இழுத்ததில் என் விரல் நகம் பெயர்ந்தது. மேலே ஒரு பிடி அரிசி. டின்னைத் தொடாமல் பக்கத்தில் தட்டை ஓங்கித் தட்டினால் அரிசி குதிக்கிறது!

"அரிசிக்கு சாமி வந்துட்ச்சு!" என்று வேலு எழுந்து ஆடினான். எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு குறியே சொன்னாள், "எனக்கு முட்டாய் வோணும்" என்று.

சத்தம் என்றால் ஆட்டம்தான், காற்று ஆடி அரிசியை ஆட்டுகிறது, அதே ஆட்டம்தான் காதுக்குள்ளேயும் போகிறது என்று டீச்சர் சொன்னார். எட்டாம் வகுப்புவரை படித்தேன், எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பாபு டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். தட்டத் தட்ட ஒரே சிரிப்பு. அவனை ஓரமாகக் கூட்டிப்போய், அவன் கையை என் தொண்டையில் வைத்து "ம்ம்ம்" என்றேன். கண்கள் விரிந்தன. கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டான். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி என் தொண்டைக்குக் கொண்டுவந்தான்.



ஜூலை 8, வெள்ளி

அம்மன் கோயிலுக்கு வேண்டுதல். வாய் வராத பிள்ளைக்கு மணி கட்டினால் வாய் வரும் என்பார்கள். அம்மா உத்திரமேரூரில் வாங்கிவந்த வெண்கல மணி. பூசாரி வேப்ப மரக் கிளையில் கட்டினார். நைனா பாபுவைத் தோளுக்கு மேல் தூக்கினார். அக்கா அவன் கையைப் பிடித்து மணியின் மேல் வைத்தாள். பூசாரி மணியின் நாக்கை இழுத்து அடித்தார்.

பாபு சிரித்தான். டின்னைப் பிடித்துச் சிரித்த அதே சிரிப்பு.

"கேட்டுட்ச்சு! கொயந்தைக்கு கேட்டுட்ச்சு!" அம்மா கத்தினாள். பூசாரி, "ஆத்தா காது குடுத்துட்டா, இனிமே வாயும் குடுப்பா" என்று விபூதியை அவன் காதில் ஊதினார். கோயிலில் இருந்தவர்கள் எல்லாம் வந்து அவன் கன்னத்தைத் தொட்டார்கள். நைனா அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர். 

ராஜகுளத்துக்குப் பால்காரரிடம் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

ஜூலை 9, சனி

கிணற்றடியில் பாபுவுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். வாளியைத் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். எறும்பு வரிசையில் குச்சி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அக்கா அரிசி புடைக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, பாபுவுக்கு..." என்றேன்.

"தெரியும்" என்றாள். முறம் நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"மொத தீவாளிக்கு. தெருவே வெடி வெடிச்சிக்கினு இருந்தாங்க. என் மடியில தூங்கிக்கினு இருந்தான்."

"அப்ப நேத்து கோயில்ல?"

"நேத்து எனக்கும் கொஞ்ச நேரம் நெசமா இருந்துச்சுடி. அது கூட கூடாதா?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"நான் அந்த வூட்டுக்குப் போவணும். உள்ள போயிட்டா அப்புறம் தொரத்த மாட்டாங்க. மாமா நல்லவருதான். அவரு அம்மாதான் ஒத்துக்க மாட்டா. நீ வாய தெறந்தியோ, நான் இந்த வூட்லயே கெடந்து சாவ வேண்டியதுதான்."

தூங்குகிற பாபுவின் தலையில் என் கையை இழுத்து வைத்தாள். "சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். வெயிலில் விளையாடிய தலை, இன்னும் சூடு. மீறினால் அந்தத் தலைக்குத்தான் கெடுதல்.

ஜூலை 11, திங்கள்

நல்ல வெயில். அதனால் கண்ணாடி விளையாட்டு. கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துச் சுவரில் விட்டோம். பிள்ளைகள் வெளிச்சத்தைப் பிடிக்க ஓடி, சுவரில் மோதி, சண்டை போட்டு, வேலுவின் பட்டன் அறுந்தது.

பாபு ஓடவில்லை. சுவரைப் பார்த்தான், திரும்பி என் கையைப் பார்த்தான். வந்து கண்ணாடியை வாங்கினான். கொஞ்சம் திருப்பினான். வெளிச்சம் கூரைக்குப் போனது, டீச்சர் மூக்குக்குப் போனது, ஆட்டுக்குட்டி மேல் போனது. "யாரு சொல்லிக் குடுத்தாங்க இவனுக்கு?" என்றார் டீச்சர். யாரும் இல்லை.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன், காது கேட்காத பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வார்கள் என்று.

காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களாம். மெஷின் வைத்தால் சில பேருக்குக் கேட்குமாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம்கூட இருக்கிறதாம், உதட்டைப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்வார்களாம். "ஆனா சின்னதா இருக்கும்போதே ஆரம்பிக்கணும். வயசானா கஷ்டம்." பிறகு, "யாருக்கு?" என்றார்.

"சும்மாதான் டீச்சர்."

என்னையே பார்த்தார். நான் குண்டானைத் தேய்த்தேன்.

ராஜகுளத்தில் யார் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள்? போனால் தெரிந்துவிடுமே. அக்கா மறைத்துக்கொண்டே இருப்பாள். அவன் வளர்ந்துகொண்டே இருப்பான்.

ஜூலை 13, புதன்

மாமா சனிக்கிழமை வருகிறார். ஆடி பிறப்பதற்குள் அழைத்துப்போக வேண்டுமாம். அம்மா முறுக்கு சுட்டாள். அக்கா தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பெட்டியை அடுக்கினாள். எத்தனை மாதம் கழித்துப் பாடுகிறாள். பாபு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தலைவலி.

ஜூலை 16, சனி

மாமா வந்தார். பாபுவுக்கு ஊதல் வாங்கி வந்திருக்கிறார். சிவப்பு. கேட்கிற பிள்ளைக்கு ஊதல்.

வாசலிலிருந்தே "பாபு!" என்று கூப்பிட்டார். அக்கா பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள். ஓடினான். மாமா அவனைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தியா அத்த, கூப்ட்டா வரான்!"

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே, மாமா என்னைக் கேட்டார். அக்கா கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியது கொஞ்சம்தான்.

"கஸ்தூரி, நீ பால்வாடில கூடவே கீறியே. நல்லா கேக்குதா அவனுக்கு?"

அக்கா மோர் எடுத்துக்கொண்டு கதவருகே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

தலை குனிந்துதான் இருந்தேன். தரையில் பாபு ஊதலைக் கடித்துக்கொண்டிருந்தான். ஊதினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

"கேக்கல மாமா."

அம்மா, "இவ இன்னாத்த கண்டா!" என்றாள். நான் சொல்லிக்கொண்டே போனேன், மூடி, டப்பா, மணி, பள்ளிக்கூடம், சின்ன வயசிலேயே என்று. 

மாமா எழுந்து பாபுவுக்குப் பின்னால் போனார். ஊதலை வாங்கி ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். தெரு நாய் குரைத்தது. பாபு தன் கையிலிருந்த ஊதல் எங்கே போனது என்று மடியில் தேடிக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட கேட்டுக்கினு வரேன்" என்றார் மாமா. மோர் அப்படியே இருந்தது. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அக்கா ஒன்றுதான் சொன்னாள். "போதுமாடி?"

ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. காற்று. கூழ் ஊற்றினார்கள்.

அக்கா பேசவில்லை. அம்மா பேசவில்லை. நைனா வயலுக்குப் போய் விளக்கு வைத்த பிறகு வந்தார். அக்கா அடுக்கிய பெட்டி அடுக்கியபடியே. பாபுவுக்குக் காய்ச்சலா என்று நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. மறுபடி தொட்டேன். கேட்காதது தன் காது என்று அவனுக்குத் தெரியாது, எல்லா வீட்டிலும் எல்லோரும் இப்படித்தான் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். இன்று யாரும் அசைக்கவும் இல்லை.

ஜூலை 18, திங்கள்

பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது.

பால்வாடிக்குப் போகவில்லை. விடிந்ததும் பாபுவுக்குச் சட்டை மாட்டினேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அக்கா வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவன் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனியாக பஸ் ஏறியதில்லை. ஒரே கூட்டம். பாபு மடியில், ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, அது அதிர்வதற்குச் சிரிக்கிறான். கண்டக்டர் வந்தார். "காஞ்சிபுரம், பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்" என்றேன். இரைச்சலில் அவர், "இன்னாம்மா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுபடி, சத்தமாகச் சொன்னேன்.