ஈரப் புடவையின் எடை

7-11-1971, ஞாயிறு
நம் கடைக்குப் பதினொரு வருடமாகப் பட்டுப் புடவை நெய்யும் அர்ஜுனன் திருமுக்கூடல் ஆற்றில் முங்கி எழுந்து கிறிஸ்தவன் ஆகிவிட்டான். மறுபடியும் பிறந்துவிட்டேன் என்கிறான். நாற்பத்திரண்டு வயதில். போன பிறவியில் என்னிடம் வாங்கிய பாவு நூல் தறியிலேயே கிடக்கிறதே, அதை யார் நெய்வது என்று கேட்டேன். சிரிக்கிறான்.

9-11, செவ்வாய்
ரட்சிப்பு நாம் நல்லது செய்து சம்பாதிப்பதல்லவாம். விசுவாசித்தால் போதும், சும்மாவே கிடைக்குமாம். பிரசங்கியார் சொன்னாராம். தலையில் மூட்டை சுமந்து கடை வைத்தவன் நான். சும்மா கொடுக்கிற சரக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இழை அறுந்திருக்கும்.

10-11
மழை. ஈ, காக்கை இல்லை.

12-11, வெள்ளி
அர்ஜுனன் வந்து கைகட்டி நின்றான். மூன்று வருடத்துக்கு முன், நாம் நிறுத்துக் கொடுத்த பட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டானாம். நெய்த புடவையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எடையைச் சரிக்கட்டினானாம். அதுவும் மழை நாளாகப் பார்த்து – அன்றைக்கு எந்தப் புடவையைத் தொட்டாலும் ஜில்லென்றுதானே இருக்கும்.

“மொதலாளி, கோதண்டபாணி அண்ணன் மேல பழி வுழுந்தப்போ வாய மூடிக்கினு இருந்துட்டேன். ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. நீங்களும் மன்னிக்கணும்.”

ஆண்டவருக்கென்ன, களவு போன பட்டு அவருடையதா?

அப்போது தராசில் நின்று புடவைகளை நிறுத்து வாங்கியவன் என் தம்பி கோதண்டபாணி. பீரோவில் காய்ந்த புடவைகள் எடை குறைந்தபோது, எவனோ நெசவாளியோடு கூட்டு என்று சொல்லி, நாலு பேர் முன்னால் அவன்மேல் செருப்பைக் கழற்றினேன். ஒரு சத்தியம்கூடப் பண்ணாமல் முசரவாக்கம் போய்விட்டான்.

அர்ஜுனனை வெளியே போடா என்றேன். இனி பாவு கிடையாது.

13-11
வேலை ஓடவில்லை. பட்டை எடுத்தவன் அர்ஜுனன், சரி. செருப்பைக் கழற்றியது யார்? என் பெண்டாட்டி பெரியநாயகி கேட்டேவிட்டாள். “ஒங்க தம்பி கைக்கு ஈரம் தெரியலன்னு அடிக்கப் போனீங்களே, நீங்களுந்தான தொட்டுப் பாத்தீங்க? ஒங்க கைக்குத் தெரிஞ்சிதா?”



14-11, ஞாயிறு
முசரவாக்கம் போனேன். தம்பி பெண்டாட்டி கலாவதிக்கு ஒரு பட்டுப் புடவை. கடையில் பாதி உனக்கு என்று எழுதிய பத்திரம். வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தப்பு என்னுதுடா என்று மட்டும் வந்தது. பத்திரத்தை அவன் பிரிக்கவே இல்லை.

“தெரியும்ணா. இத எடுத்து உள்ள வை. கைகால் கழுவிக்கினு வா, சோறு ஆறுது.”

அவ்வளவுதான். கேவலமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவையைக் கலாவதியும் வாங்கவில்லை. சாப்பிட்டேன்.

16-11, செவ்வாய்
அர்ஜுனனைக் கூப்பிட்டுப் புதுப் பாவு கொடுத்தேன். பிரசங்கமெல்லாம் கடைக்கு வெளியே வைத்துக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். படியிறங்கும்போது நிறுத்திக் கேட்டேன்: சும்மா கொடுத்ததை வாங்கிக்கொள்ள உனக்குக் கூச்சமாக இல்லையா?

“இன்னமும் இருக்குது மொதலாளி” என்றான்.