புட்டியில் வளரும் உயிருக்கு என்ன சாப்பாடு?

1979 ஜூலை 14

வாப்பா, உட்காரு. சௌக்கியமா? உன் பக்கம் மழை உண்டா?

யாரைக் கேட்கிறேன்? உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியைத்தான். வேறு யாரிடம் பேசுவது? எங்கள் சமணர்களுக்குச் சாதுர்மாஸ்யம் என்று மழைக்கால நாலு மாத நோன்பு உண்டு. அது முடிகிறவரை பொழுது சாய்ந்தால் வாய் திறப்பதில்லை என்று கோயிலில் விரதம் எடுத்திருக்கிறேன். மதனவதி எடுக்க வைத்தாள். "உங்க கதைக்குப் பயந்து திருப்பருத்திக்குன்றமே காதுல பஞ்சு வச்சிக்கினு திரியுது. அந்த வாய்க்கும் கொஞ்சம் லீவு விடுங்க" என்றாள். பள்ளிக்கூடம் போகாத எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஆகையால் இந்தக் கோணல் எழுத்துக்கும் அவளே பொறுப்பு.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், கந்தன்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன், என் சிநேகிதன். போன மாதம் தறிக்குழியில் காலை விட்டவனைக் கட்டுவிரியன் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்தான். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, முட்டி முட்டியாக வீக்கம். மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுத்ததாம். "நயினாரே, குதிரை உள்ள பூந்துக்கினு உதைக்குதுபா" என்று சிரிக்கிறான். ஆனால் டாக்டர் சொன்னதை நினைத்தால் சிரிக்க முடியவில்லை. இன்னொரு தடவை கடித்து, இதே மருந்தைப் போட்டால் மருந்தே ஆளைக் கொல்லலாமாம். இப்போது அவன் குழியில் கம்பை விட்டுத் துழாவிவிட்டுத்தான் தறியில் உட்காருகிறான்.

குதிரைக்கு எப்படிப் பாம்பு விஷத்தின் மாற்று தெரிந்தது? யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு?

ஜூலை 15

யோசித்தேன். தெரியவில்லை. திரிசலா வரட்டும்.

ஜூலை 29

திரிசலா வந்திருக்கிறாள். எங்கள் ஒரே பெண். பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் மருந்து ஆராய்ச்சி செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

வெளிச்சம் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அதன் ரத்தம் தானே மாற்றைச் செய்துகொள்ளுமாம். "குதிரை சாகுதாம்மா?" என்றேன். "சாவலப்பா. ஆனா காலம் பூரா ரத்தம் குடுத்துக்கினே இருக்கணும்." அவள் பிரிவில் குதிரையே வேண்டாம், கண்ணாடிப் புட்டியிலேயே அந்த மாற்றை விளைவிக்கலாமா என்று பார்க்கிறார்கள். டாக்டர் கமலாட்சி என்ற அம்மா வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த வித்தை.

எனக்குப் புரிந்த வரை இது ஒட்டுமாங்கன்று. எலியின் மண்ணீரலில் ஓர் உயிரணு இருக்கிறது. மாற்றுச் செய்யத் தெரியும், ஆனால் வெளியே எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும். புற்றுநோய் அணு ஒன்று இருக்கிறது. ஒரு வேலையும் தெரியாது, ஆனால் சாகாது. இரண்டையும் ஒட்டவைத்தால் சாகாமல் பெருகிக்கொண்டே மாற்றையும் கொடுக்கும். நாட்டு மாவின் வேரில் மல்கோவா காய்க்கிற மாதிரி. (எங்கள் கொல்லை மல்கோவாவை ஒட்டுப்போட்டவர் முசரவாக்கத்து ஆள். அவர் ஒட்டுப்போட்டுக்கொண்டே தூங்கிவிடுவார், அது தனிக் கதை.)

"அப்போ கந்தனுக்கு?" என்றேன்.

"இன்னும் மருந்தாகலப்பா. வருஷக்கணக்குல ஆவும். ஆகாமலே கூடப் போவும்."

மதனவதி முறத்தைக் கீழே வைத்தாள். "எலி?"

"ஒரு எலி போவுதும்மா." பொய் சொல்லமாட்டாள் என் பெண். "அதோட சரி. அப்புறம் புட்டியிலயே வளரும்."

"வளருதுன்றியே, என்ன சாப்பிடும்?"

இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? திரிசலா தலையைக் குனிந்துகொண்டாள். சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் கரைத்த நீர். அதோடு கன்றுக்குட்டியின் ரத்தநீர். இறைச்சிக்கூடத்திலிருந்து வருவது. பசுவின் வயிற்றுக்குள்ளேயே இருந்த கன்று.

பொழுது சாய்ந்தது. அதற்கு அப்புறம்தான் மதனவதி தீர்ப்புச் சொன்னாள்: "தீபாவளி வரைக்கும்தான். அதுக்குள்ள வேற வேலை பாரு. இல்லனா வீட்டுக்கு வந்துடு." திரிசலா என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன். "உங்கப்பாவும் அதான் சொல்றாரு" என்றாள் மதனவதி.

ஆகஸ்ட் 19

மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கந்தனும் கூட வந்தான், "என் மருந்த நான் பாக்க வேணாமா?" என்று. செருப்பைக் கழற்றி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பெரிய டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாருங்க" என்றார்.

தட்டைப் புட்டி. உள்ளே கனகாம்பர நிறத்தில் நீர். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் சவ்வரிசி! வெந்த சவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக. ஒன்று நடுவில் இடுப்பு சிறுத்து இரண்டாகப் பிரிகிற மாதிரி இருந்தது. கண் எடுக்க முடியவில்லை.

"இதுங்கதான் என்னைக் காப்பாத்தப்போவுதா? நாக்குல ஒட்டினா தெரியாதேபா" என்றான் கந்தன்.

இதற்கு எத்தனை அறிவு? ஓரறிவா? கண், காது கிடையாது. பசி உண்டு.

செப்டம்பர் 16

அழுதுகொண்டே வந்தாள் என் பெண்.

புட்டியில் பழைய நீரை மாற்றும்போது கொஞ்சத்தை எடுத்துக் கழிவுப் பாத்திரத்தில் கொட்டிவிட வேண்டும். அதில் சில உயிர்கள் மிதந்திருக்கின்றன. நம் வீட்டில் தண்ணீரை வடிகட்டினால் துணியில் நின்ற சின்ன உயிர்களைத் தரையிலா உதறுவோம்? எடுத்த கிணற்றிலேயே அலசி விடுவோம். எல்லாம் சின்ன வயசிலிருந்து பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது. பாத்திரத்தில் மிதந்ததை உறிஞ்சி மறுபடி புட்டியில் விட்டிருக்கிறாள். அந்தப் பாத்திரத்தில் பூசணம் இருந்திருக்கிறது. மறுநாள் நீர் மஞ்சளாகி, உள்ளே பஞ்சு பஞ்சாகப் பூத்து, பக்கத்துப் புட்டிகளுக்கும் தாவி, அலமாரி முழுக்கக் கொட்ட வேண்டியதாயிற்று.

"கொஞ்சத்தைக் காப்பாத்தப் போயி எல்லாத்தையும் சாவடிச்சிட்டேன்பா."

ஐயோ. என்னத்தச் சொல்ல? பொழுதும் சாஞ்சிடுச்சு. பக்கத்துல உக்காந்தேன், அவ்ளோதான்.

செப்டம்பர் 17

காலையில் மீதியைச் சொன்னாள். ஏன் செய்தாய் என்று டாக்டரம்மா கேட்டாராம். கிணற்று வழக்கத்தைச் சொல்லியிருக்கிறாள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தாளாம். அவர் "கொட்டறதைக் காப்பாத்தாதே. உனக்கு அவ்வளவு உறுத்தினா அது சாப்பிடறதை மாத்து. ரத்தநீரைக் குறைக்க நானும் முயற்சி பண்ணேன், எல்லாம் செத்துப்போச்சு. இனிமே அது உன் வேலை" என்றாராம்.

மதனவதி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "தீபாவளி வரைக்கும்" என்றாள் மறுபடி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததோ?

அக்டோபர் 7

திரிசலா ஒரு நாள் வந்து போனாள். உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த கொஞ்சத்திலிருந்து மறுபடி வளர்க்கிறார்களாம். ரத்தநீரை ஒரே அடியாகக் குறைத்தால் சாகின்றன. துளித்துளியாகக் குறைத்தால் பாதி சாகும், பாதி தாங்கும். தாங்கினதைப் பெருக்கி, மறுபடி குறைக்க வேண்டும். உபவாசம் பழக்குகிற மாதிரி. பஸ் ஏறும்போது மதனவதி கேட்டாள்: "இப்ப எவ்ளோ சாப்பிடுதுங்க?" கேட்டவளுக்கே ஆச்சரியம்.

அக்டோபர் 21

எங்களுக்குத் தீபாவளி என்றால் பகவான் மோட்சமடைந்த நாள், விடியற்காலையில் பூஜை. இருட்டிலேயே கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தோம். விரதம் முடிந்தது. திரிசலாவும் வந்திருக்கிறாள், அவள் கெடுவும் முடிந்தது. தீபாவளி வந்துவிட்டதே.

மதனவதியே ஆரம்பித்தாள். "எங்க வந்து நிக்குது?"

"பாதிக்கு வந்துட்டோம்மா. பாதி ரத்தநீர்லயே உயிரோட இருக்குது. மாற்றும் குடுக்குது."

"மிச்சப் பாதி?"

"தெரியல."

நான் வாய் திறப்பதற்குள் மதனவதி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

அக்டோபர் 23

திரிசலாவின் பெட்டி வாசலில் இருக்கிறது. நேற்று மதனவதி புது மல்லுத்துணி வாங்கி, நாலு ஓரமும் மடித்துத் தைத்து, பெட்டிக்குள் மேலாக வைத்தாள். தண்ணீர் வடிகட்ட. "அப்போ போகட்டுமா?" என்றேன். என்னை முறைத்தாள். "இவ வந்துட்டா அந்த மிச்சத்தை யாரு குறைப்பா?"

கந்தன் வழியனுப்ப வந்திருக்கிறான், கையில் குழி துழாவுகிற கம்போடு. "சீக்கிரம் ஆவட்டும் பாப்பா, இந்தக் கம்பை என்னால சுமக்க முடியல" என்கிறான்.

இனிமேல் பொழுது சாய்ந்தாலும் பேசலாம். உன்னிடம் எப்போது வருவேனோ தெரியாது. ஒன்றை மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. ஒன்று இரண்டாகிறதே, அப்போது பழைய உயிர் எதில் இருக்கிறது, இதிலா, அதிலா, இல்லை இரண்டுமே புதி

"ஏங்க! பஸ் வந்துடுச்சு! பெட்டிய யாரு தூக்குறது?"

இதோ வந்துக்கினே