கோதாவுக்குள் வைத்த கால்

இண்டூர்
வெகுதானிய வருடம், கார்த்திகை 12

ரங்கூனில் இருக்கும் என் மகன் மாதேசுக்கு உன் ஆத்தா சாலம்மாள் எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம், உன் அப்பாவின் மூக்கு மட்டும் சுகமில்லை, முன்பு நேராக இருந்தது, இப்போது இடது பக்கம் பார்க்கிறது. நீ அரிசி மில்லில் சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய், நீ கொஞ்சம் இளைத்தால்தான் நம் வாசலில் இடிக்காமல் நுழைவாய், அதனால் நான் கவலைப்படவில்லை. இரண்டாம் வகுப்பு படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள், யாரிடமும் காட்டாதே.

மாயவனை உனக்கு நினைவிருக்கும், நம் கோதாவில் உன்னோடு குஸ்தி பழகியவன், வேண்டுமென்றே ஒரு பையனின் விரலை ஒடித்தான் என்று உன் அப்பா பிடரியில் கை வைத்து வெளியே தள்ளினாரே, அவன்தான். பெங்களூரில் ஆறு வருஷம் சண்டை போட்டு பயில்வான் என்று பேர் வாங்கிக்கொண்டு ஐப்பசியில் வந்தான், முதலில் மீசை வந்தது, கொஞ்ச நேரம் கழித்து ஆள் வந்தான். கடத்தூர்ச் சந்தையில் தமுக்கடித்து, உன் அப்பா பேரைச் சொல்லியே, காளியப்பன் வாத்தியாரின் சிஷ்யன் எவன் இருந்தாலும் வரட்டும் என்று சவால் விட்டான். உன்னோடு விளையாடி வளர்ந்த நம் தர்மன் ஒத்துக்கொண்டான். சண்டை நம் கோதாவிலேயே நடந்தது. மூன்றாவது பிடியில் தர்மனைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தான், காறை எலும்பு முறிந்த சத்தம் மோர்ப்பானையோடு ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. விழுந்தவன் நெஞ்சில் காலை வைத்துக்கொண்டு, "என்னங்க வாத்தியாரே, பொட்டக் கோழிங்களாவே அனுப்புறீங்க, சேவலு வூட்டுல அடை காக்குதுங்களா" என்று கேட்டான்.

சிஷ்யன் தோற்ற இடத்தில் வாத்தியாரைக் கூப்பிட்டால் வாத்தியார் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கோதாவை மூடிவிட வேண்டும், உனக்குத் தெரிந்த வழக்கம்தான். உன் அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது, கழுத்து திரும்பாது, யாராவது கூப்பிட்டால் வண்டியைத் திருப்புவது போல உடம்பையே திருப்புகிற மனுஷன். வேண்டாங்க என்றேன். "நீ மோர ஊத்து" என்று சொல்லிவிட்டுக் கச்சையைக் கட்டினார். இறங்கிய உடனே மாயவன் நெற்றியால் மூக்கில் முட்டினான், பச்சை மட்டையைப் பிளந்த மாதிரி ஒரு சத்தம், நெஞ்செல்லாம் ரத்தம். பிறகு கட்டிப் புரளும்போது காதைக் கடித்தான், மடலில் ஒரு துண்டு அவன் பல்லோடு போய்விட்டது, அதை மண்ணில் துப்பினான். உன் அப்பா ஒரு பிடி மண்ணை அள்ளிக் காதில் அப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மோர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டேன். முழங்காலால் விலாவில் இரண்டு இடி இடித்தார், குனிந்தவனின் கழுத்தை அக்குளுக்குள் வாங்கி இறுக்கினார். மாயவன் தரையை மூன்று தட்டு தட்டினான். தட்டினால் பிடியை விட வேண்டும், எந்தப் பையன் வந்தாலும் உன் அப்பா முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதைத்தானே. அவர் விடவில்லை. மறுபடி மூன்று தட்டினான். விடவில்லை. நடுவர் மணியக்காரர் கிருஷ்ணப்பன், "வுடு காளியப்பா, செத்துருவான்" என்று கத்திக்கொண்டே தடியால் முதுகில் அடித்தார், நாலு பேர் கையைப் பிரித்துப் பார்த்தார்கள், இரும்பு வளையம் போல இருந்தது. மாயவனுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது, குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பெண்பிள்ளை கோதா மண்ணை மிதித்தால் அந்தச் சண்டை செல்லாது, எல்லோரும் வெளியேற வேண்டும். இருபத்துநாலு வருஷமாக அந்த மண்ணுக்கு எண்ணெயும் மோரும் மஞ்சளும் சுமந்திருக்கிறேன், ஒரு விரலைக்கூட உள்ளே வைத்ததில்லை. அன்றைக்கு இரண்டு காலையும் வைத்து நடுவில் போய் நின்றேன். ஊரே ஐயோ என்றது. உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். கை தளர்ந்தது. மாயவன் பிழைத்துக்கொண்டான், பேசினால் தவளை கத்துவது போல இருக்கிறது, மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பச்சிலை வைத்துக் கட்டும்போது கேட்டேன், அவன் தட்டினது தெரியலீங்களா என்று. "தெரிஞ்சிச்சு" என்றார். கட்டை நானே முடியட்டும் என்று காதைக் காட்டிக்கொண்டு, "கோலார்லயும் தெரிஞ்சிச்சு" என்றார். தம்பி, உனக்கு ஒன்பது வயதில் அவர் கோலார் சண்டைக்குப் போய்வந்து, இனி சண்டைக்குப் போகமாட்டேன், சொல்லித்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்தாரே, கழுத்து வலி என்று நாமும் நம்பினோமே, கழுத்து இல்லை. அங்கேயும் ஒருவன் தட்டியிருக்கிறான், இவர் விடவில்லை, அவன் எழுந்திருக்கவே இல்லை. ஆட்டத்தில் நடந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம். பதின்மூன்று வருஷமாகப் பையன்களிடம் விடு விடு என்று அவர் கத்தியது யாரைப் பார்த்து என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு பேச்சில்லை. நான் மிதித்த மண்ணை முழங்கால் ஆழம் தோண்டித் தனியாளாக ஏரியில் கொட்டினார். "என் செயத்த திருடிட்டா" என்று மாட்டிடம் சொன்னார். நானும் மாட்டிடமே, "செயத்த இல்ல, தூக்குக் கயித்தத்தான் திருடினேன்னு சொல்லு" என்றேன். மாடு இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டியது.

இன்று காலையில்தான் வாயைத் திறந்தார். மாசியில் தீர்த்தமலைத் திருவிழாவில் மறுபடி நிற்கிறேன் என்று மாயவன் ஆள் அனுப்பியிருக்கிறான், தன்னால் இனி இறங்க முடியாது, உன்னைக் கப்பலேறி வரச்சொல்லி எழுது என்கிறார். இப்போது என் எதிரில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஒடனே பொறப்பட்டு வா, கோதா மானம் உன் கையில இருக்குதுன்னு எழுது." நானும் சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டிக்கொண்டு இதையெல்லாம் எழுதுகிறேன். "என்னாடி இவ்ளோ நீளம்" என்றார், "மானம்னா நீளமாத்தாங்க வருது" என்றேன்.

நீ வராதே. உனக்கும் அதே கைதான், சின்ன வயதில் விளையாட்டுக்குத் தர்மனின் கழுத்தைப் பிடித்தாய், அவன் கண் மேலே போயும் விடவில்லை, கரண்டியால் அடித்துப் பிரித்தேன். அந்த மலையடியில் நீ செத்தாலும் எனக்குப் பிள்ளை இல்லை, மாயவன் செத்தாலும் எனக்குப் பிள்ளை இல்லை. கோதாவில் புல் முளைத்தால் முளைக்கட்டும், மாட்டுக்கு ஆகும்.

தீர்த்தகிரி ஈசுவரன் உன்னைக் காக்கட்டும், நூறு வயது வரைக்கும் அந்தக் கை அரிசி மூட்டையை மட்டும் தூக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி. மில்லில் லீவு கொடுக்கவில்லை என்று உடனே பதில் போடு, கூட வேறு எதை எழுதினாலும் பயப்படாதே, அவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தான்.

இப்படிக்கு
உன் ஆத்தா சாலம்மாள்

கீழே இருக்கும் கட்டைவிரல் ரேகை உன் அப்பாவுடையது. வா என்று நினைத்துத்தான் அழுத்தி வைத்தார், மை காய அவரே ஊதினார்.