சஹனை விட்டு எழும்பியவருக்கு

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது நபிவழி, ஸுன்னத் என்பதால் சொல்கிறேன். சுகம் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை குறிஞ்சிப்பிட்டியில் நான் நடத்தும் கூட்டுப்பசளைப் பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியல் கிடைத்தது. பதினோராவது பெயர் உங்களுடையது. வெட்டிவிடப் பேனையை எடுத்தேன், ஆனால் வெட்டவில்லை. அதை அன்பென்று நினைக்க வேண்டாம்.

உங்கள் வெங்காயம் இரண்டு போகமாக விளையவில்லை என்று ஊரே கதைக்கிறது. என்னிடம் சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வரவில்லை.

என் மகளின் கல்யாணத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில் நான் கை வைத்ததும் நீங்கள் எழும்பினீர்கள். "ஒன்ட கை சாணி நாறுது. நான் வேற சஹன்ல இரிக்கிறேன்" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அன்று மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை அது. என் மகளின் கல்யாணச் சோற்றை நான் தின்னவில்லை.

பயிற்சியில் கையுறை கொடுப்பதில்லை. சாணியும் இலைதழையும் சேர்ந்த குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டுச் சூடு பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து ஈரம் பார்க்க வேண்டும். முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அண்ணன் என்ற மரியாதையில் நானா என்றல்ல.

பகல் சாப்பாடு சஹனில்தான். என் சஹனில் ஆறாவது இடம் உங்களுக்கு. எழும்ப நினைத்தால் எழும்புங்கள். இந்த முறை உங்கள் கையையும் மணந்து பார்த்துவிட்டு எழும்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உம்மாவின் மற்ற மகன்