ஸ்டெல்லா பெயரில் என் ரத்தம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்டெல்லா அக்காவுக்கு மூட்டுவலி. போன வாரம் ரத்தம் எடுக்க அரியலூர் லேபிலிருந்து ஆள் வந்தார். ஊசி என்றாலே அவள் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அம்மா கொல்லையில் இருந்தாள். "நான்தான் ஸ்டெல்லா" என்று கையை நீட்டினேன். அக்கா கதவிடுக்கில் நின்று சிரித்தாள்.

இன்று அம்மாவும் நானும் ரிப்போர்ட் வாங்கப் போனோம். லேபில் இருந்த பெண் விளக்கினார்.

"டெஸ்ட் பண்ற தட்டுல சின்னச் சின்ன குழி இருக்கும்மா. அதுல நம்ம உடம்புப் புரதத்தச் சுத்தம் பண்ணி ஒட்டியிருப்பாங்க. சொந்த உடம்பையே எதிரின்னு நெனைக்கிற ரத்தம்னா நிறம் மாறும். இது நல்லாவே மாறியிருக்கு. சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஊரையே ஏமாற்றுகிறவள் நான். என்னை என் ரத்தமே ஏமாற்றுகிறதாம்.

வீட்டில் அக்கா காதோடு கேட்டாள்.

"ஏன்டி, அது ஒன் ரத்தந்தானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு என்னடி வியாதி?"

"தெரியல."

"ஒனக்கு?"

அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லப் பார்த்தேன்.

நாளை திருச்சி டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து அவளுக்கு மாத்திரை எழுதுவார். பக்கத்து அறையில் அம்மா, "எம் மூத்த புள்ளையக் காப்பாத்து மாதாவே" என்று அழுகிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். இந்த வரியை முடித்ததும் போகிறேன். இன்னும் ஒரே ஒரு வரி